லிண்டல் மட்டத்தோட நிக்குது

டேப்போட அந்த நுனியை என்கிட்டக் குடுங்க சார், நான் புடிச்சுக்கறேன். நீங்க அந்தக் கடைசிக்குப் போயிப் படிச்சு எழுதிக்குங்க. பார்த்துப் போங்க, கம்பி நீட்டிக்கிட்டு இருக்குது, பேண்டைக் கிழிச்சுப்போடும். வெயில்லயும் மழையிலயும் கெடந்து எல்லாம் துருப்புடிச்சுப் போச்சு. எவ்வளவுங்க? முப்பத்தெட்டரையா? முப்பத்தொம்பது இருக்கோணுமே. சரி, நீங்க படிச்சா செரியாத்தான் இருக்கும்.

எட்டு மாசமுங்க. எட்டு மாசமா கதவு, சன்னலுக்கு மேல லிண்டல் மட்டத்தோட நிக்குது. பழைய ஊட்டை இடிச்சுட்டுத்தான் இதை ஆரம்பிச்சேன். கையில இருந்ததைப் போட்டு இது வரைக்கும் ஏத்திட்டேன். மாட்டுத்தீவன யாவாரத்துல என்ன பெருசா மிஞ்சும், உங்களுக்கே தெரியும். மேல காங்கிரீட்டுக்கு பேங்க்குல லோன் வாங்கிக்கலாம்னு கணக்கு. சென்ட்ரிங் தகடெல்லாம் வந்து எறங்கிருச்சுங்க. கான்ட்ராக்டர் ஒரு மாசம் பார்த்தான், ரெண்டு மாசம் பார்த்தான், அப்பறம் தகட்டை அள்ளி லாரியில போட்டுக்கிட்டு வேற சைட்டுக்குப் போயிட்டான். ரோட்டுல போற ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் வண்டியை நிறுத்தி, "என்ன சென்னியப்பா, ஊடு மொட்டையாவே நிக்குது"ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டே கேக்கறாங்க. அதுதான் தாங்க முடியலை.

பையனுக்குப் பொண்ணு பேசி வெச்சிருக்குது, தாராபுரத்துப் பக்கம். ஆவணியில கிரகப்பிரவேசம், ஐப்பசியில கல்யாணம்னு பேச்சு. ஆவணியும் போச்சு, ஐப்பசியும் போச்சு, இப்ப மார்கழி. போன வாரம் பொண்ணோட அப்பா போன் பண்றாரு. "வேற எடத்துல இருந்து கேக்கறாங்க, தை பொறந்ததும் ஒரு பதில் சொல்லிப்போடுங்க"ங்கறாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. மரியாதையா சொன்னா வலிக்காதா? பையன் என்கூடப் பேசி பத்து நாளாச்சு. இத்தனையும் எதனால? ஒரு கையெழுத்தால. ஒரே ஒரு கையெழுத்துங்க.

உங்க லோன் கம்பெனியில அந்தத் தொந்தரவெல்லாம் இல்லைன்னு உங்க ஏஜெண்டு சொன்னாரு. நேர்ல வந்து அளப்பாங்க, நாலு கேள்வி கேப்பாங்க, பாரத்தைப் பூர்த்தி பண்ணுவாங்க, அவ்வளவுதான்னாரு. வட்டி எச்சுன்னாலும் பரவால்லைன்னு அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். உங்களுக்கு எந்தூருங்க? முத்தூரா? அட, பக்கத்துலயே இருக்கறீங்க. அப்பத் தம்பின்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பக்கத்து ஆளுன்னா நம்ம வழக்கமெல்லாம் தெரிஞ்சிருக்கும், சொன்னாப் புரியும். அந்த வக்கீலம்மாவுக்குத்தான் புரியவே இல்லை.

பேங்க்குப் பேரு வேண்டாமுங்க, பெரிய பேங்க்குத்தான். இருபது வருசமா எனக்கு அங்கதான் வரவு செலவு. மேனேஜர் நல்லாத்தான் பேசுனாரு, காப்பி வாங்கிக் குடுத்தாரு. "டாக்குமெண்டெல்லாம் எங்க பேனல் வக்கீலுக்கு அனுப்பறோம், லீகல் ஒப்பீனியன் வந்துட்டா ஒரு வாரத்துல முடிச்சுரலாம்"னாரு. சரின்னு காங்கேயத்துல அந்தம்மா ஆபீசுக்குப் போனேன். எம்பையன் வயசுதான் இருக்கும். பத்திரக் கட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பேனாவால தொட்டுத் தொட்டுப் பார்க்கறா.

"பூர்வீகச் சொத்துங்களா?"ங்கறா. ஆமாங்கறேன். எங்கப்பன் அவரு அண்ணந்தம்பிகளோட எண்பத்திரண்டுல பாகம் பிரிச்சு வாங்குனது. அப்பன் ரெண்டாயிரத்துப் பன்னண்டுல செத்தாரு. வாரிசுச் சான்றிதழ் இருக்குது, நானும் எங்கம்மாவும்னு தெளிவா போட்டிருக்குது. அம்மா பதினாறுல போயிட்டாங்க. பட்டா எம்பேர்ல. வரி எம்பேர்ல. கரண்டு எம்பேர்ல. வில்லங்கம் முப்பது வருசத்துக்கு எடுத்துக் குடுத்தேன், ஒரு பொட்டு இல்லை. இதுக்கு மேல ஒரு மனுசங்கிட்ட என்னங்க வேணும்?

அந்தம்மா சான்றிதழுக்கு அடியில பொடி எழுத்துல இருக்கற ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டா. அங்க என்ன எழுதியிருக்குதுன்னா, "மகள் ராமாத்தாள், 2009ஆம் ஆண்டு மணமாகாமல் இறந்துவிட்டார்." அவ்வளவுதான். ஒரு வரி.

"உங்க தங்கச்சிங்களா?"ன்னா. ஆமாம்மா, அதுதான் இறந்துட்டாங்கன்னு எழுதியிருக்குதேன்னேன். "அப்ப இறப்புச் சான்றிதழ் குடுங்க"ங்கறா. தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, அதுக்கு மேல ஒரு சான்றிதழான்னு கேட்டேன். அவ்வளவுதான், சட்டத்தை எடுத்து உட்டா பாருங்க. எண்பத்தொம்பதுல தமிழ்நாட்டுச் சட்டமாம். ரெண்டாயிரத்தஞ்சுல டெல்லிச் சட்டமாம். இருபதுல சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பாம். பொண்ணுக்கும் பொறக்கறப்பவே பங்காம். அப்பன் எந்த வருசம் செத்திருந்தாலும் பங்காம். "அந்தத் தீர்ப்புக்கு அப்பறம் பொண்ணுங்க கையெழுத்து இல்லாம நாங்க ஒப்பீனியன் குடுக்கறதில்லைங்க. இருந்தா கையெழுத்து, இல்லைன்னா இறப்புச் சான்றிதழ்"ங்கறா.

தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுக்கற மாதிரி இவங்க சட்டம் போட்டுக்கிட்டே இருப்பாங்க, நாம ஊடு கட்டறதை நிறுத்திட்டு நிக்கோணும். டெல்லியில உக்காந்து எழுதறவங்களுக்கு நம்ம பக்கத்துச் சீரு செனத்தி தெரியுமா தம்பி? பொண்ணைக் கட்டிக் குடுத்தா அதோட முடிஞ்சு போகுதா இங்க? வளைகாப்புக்கு யாரு செய்யறது, புள்ளை பொறந்தா தொட்டிலுக்கு யாரு செய்யறது, காது குத்துக்கு யாரு மடியில உக்கார வெக்கறது, தலைப்பொங்கலுக்கு அண்டா குண்டா யாரு கொண்டு போறது? எங்கல்யாணத்துல அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு இணைச்சீர் பண்ணுனேன். கூறைச்சேலையில ஒரு நுனி எங்கையில, ஒரு நுனி அவ கையில. ஊரே பார்த்துச்சு. அந்த வக்கீலம்மாகிட்ட இதைச் சொன்னேன். "நல்லதுங்க, ஆனா அது பத்திரமில்லையே"ங்கறா.

கோவம் வருமா வராதா?

இருங்க, வெயிலு ஏறுது. அந்த வேப்பமரத்து நெழலுக்கு வாங்க, மோர் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். கெழக்குச் செவுரு அப்பறம் அளந்துக்கலாம்.

சரி, சான்றிதழ்தான வேணும், வாங்கிட்டாப் போச்சுன்னு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். பழைய சாவெல்லாம் இங்க பதிய முடியாது, ரெவின்யூ ஆர்டிஓ உத்தரவு வேணும்னு தொரத்துனாங்க. தாராபுரம் போனேன். அங்க ஒருத்தன் ஒரு பாரத்தை எடுத்து வெச்சுக்கிட்டுக் கேக்கறான். எந்த ஊர்ல இறந்தாங்க? என்ன நோவு? எந்த ஆஸ்பத்திரி? எரிச்சீங்களா, பொதைச்சீங்களா? எந்த மயானம்? கொள்ளி வெச்சது யாரு? வரிசையா கேட்டுக்கிட்டே போறான். எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ஏய்யா, ஒரு சாவைப் பதியறதுக்கு இத்தனை கேள்வியான்னு கேட்டேன். அவன் பேனாவைக் கீழ வெச்சுட்டு, "செத்தவங்க ஊட்டுல இருந்து வர்றவங்க எல்லாத்துக்கும் பதில் சொல்லுவாங்க. நீங்க ஒண்ணுக்குக்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்களே"ங்கறான்.

எப்படிங்க சொல்றது? அவ செத்திருந்தாத்தான சொல்ல முடியும்?

பார்த்துங்க, மோர் சிந்துது. சட்டையில பட்டுருச்சா? தொடைச்சுக்குங்க, கறை நிக்காது.

ஆமா, உசுரோடதான் இருக்கறா. திருச்செங்கோட்டுல இருக்கறா, கல்லாட்ட. இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கறா. அவ ஊட்டுக்காரரு போர்வெல் போடற வண்டியில வேலைக்கு இருந்தவரு, இப்ப முடியாம ஊட்டோட இருக்கறாரு. ரெண்டு புள்ளைங்க. அவ உசுரோட இருக்கறதுதான் இப்பப் பிரச்சினையே.

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு அப்பறம் பாருங்க. அப்பன் சாகறப்ப அவ ராய்ச்சூர்ல இருந்தா. போரு வண்டி அங்கதான ஓடிக்கிட்டு இருந்துச்சு. வந்தா, காரியம் முடியற வரைக்கும் இருந்தா, போயிட்டா. அப்பறம் நான் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் குடுக்கப் போறேன், மகள் இருந்தா அவங்களும் வந்து கையெழுத்துப் போடோணும்ங்கறாங்க. அவ ரயிலேறி வரோணும். புருசனுக்குச் சோறு யாரு ஆக்கறது, புள்ளைங்க பள்ளிக்கொடம் என்னாகறது? எதுக்கு அவளைச் செரமப்படுத்தோணும்னு பார்த்தேன். அவ நல்லதுக்குத்தான் பார்த்தேன்.

தாலூக்கா ஆபீஸ் முன்னால மனு எழுதற பொன்னுரங்கம்னு ஒருத்தரு. இன்னைக்கும் அங்கதான் உக்காந்திருக்காரு. அவருதான் வழி சொன்னாரு. "பொண்ணு இருக்குதுன்னு எழுதுனா கையெழுத்து வேணும். பொண்ணே இல்லைன்னு எழுதுனா ஊர்ல விசாரிக்கறப்ப மாட்டிக்குவீங்க. இருந்து இறந்து போச்சுன்னு எழுதிட்டா ரெண்டு பக்கமும் செரியாப் போயிரும்"னாரு. எந்த வருசம்னு போடட்டும்னு கேட்டாரு. எதையாச்சும் போடுங்கன்னேன். அப்பனுக்கு முன்னால இருக்கோணும்னு ஒம்பதுன்னு போட்டாரு. புள்ளைங்க இருந்தா அதுகளும் வாரிசாயிரும்னு "மணமாகாமல்"னு ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டாரு. நானா ஒண்ணும் எழுதலைங்க. எல்லாம் அவரு எழுதுனதுதான். நான் கீழ கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

அம்மா கைநாட்டு வெச்சாங்க. "என்ன கண்ணு எழுதியிருக்குது?"ன்னு கேட்டாங்க. ஊடு நம்ம பேருக்கு வர்றதுக்கும்மான்னேன். பொய்யா சொன்னேன்? அதுக்குத்தான எழுதுனது. சாட்சிக்கு ரெண்டு பேரு, எல்லாம் தெரிஞ்ச ஆளுங்கதான், டீ வாங்கிக் குடுத்தேன், போட்டுட்டுப் போனாங்க. அதுல ஒருத்தன் அவ கல்யாணத்துலயே மொய் வெச்சவன்தான். அவனே ஒண்ணும் கேக்கலை.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. அந்த வருசத்துல இருந்து நான் அவளுக்குப் பொங்கச்சீர் கொண்டு போறதை நிறுத்திட்டேன். அது வரைக்கும் ராய்ச்சூரா இருந்தாலும் செரி, சேலை, வேட்டி, மஞ்சக்கொத்து, கரும்புன்னு பஸ் ஏத்தி விட்டுருவேன், இல்லைன்னா நானே போயிருவேன். பொன்னுரங்கம்தான், "இனிமேல் போக்குவரத்து வெச்சுக்காதீங்க, நாளைக்கு யாராச்சும் கேள்வி கேட்டா சீர் கொண்டு போனதே சாட்சியாயிரும்"னாரு. எனக்கும் செரின்னுதான் பட்டுச்சு. கவர்மெண்ட் ரெக்கார்டுல ஆள் இல்லைன்னு இருக்கறப்ப, நான் மஞ்சக்கொத்தைத் தூக்கிக்கிட்டுப் போயி வாசல்ல நின்னா அது தப்பில்லீங்களா? பேப்பர்ல ஒண்ணு நடப்புல ஒண்ணுன்னு இருக்கற ஆளு நான் இல்லை தம்பி. எதுலயும் ஒழுங்கா இருக்கோணும் எனக்கு.

பன்னண்டு வருசம். அவ போன் பண்ணுவா, பேசுவேன். "ஏனுங்கண்ணா, ஒரு எட்டு வரக்கூடாதா?"ம்பா. வேலையா இருக்குதும்மாம்பேன். அம்மா சாவுக்கு வந்தா. அழுதா, எல்லாம் பண்ணுனா, போனா. சீர் ஏன் வரலைன்னு அப்பக்கூட ஒரு வார்த்தை கேக்கலை. நல்ல பொண்ணுதான். இப்பத்தான் இப்படி மாறிட்டா.

உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? ஒரு அக்காவா? அப்ப உங்களுக்குப் புரியும்.

சரி, செத்ததாவும் காட்ட முடியலை, இனி உசுரோட இருக்கறதாத்தான் காட்டோணும்னு ஆகிப்போச்சு. அந்த வக்கீலம்மாகிட்டப் போயி, தாலூக்கா ஆபீசுல யாரோ தெரியாம எழுதிட்டாங்கம்மா, தங்கச்சி நல்லாத்தான் இருக்குதுன்னேன். அவ பேனாவை மூடி வெச்சா. "அப்பப் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதி அவங்க வந்து கையெழுத்துப் போடட்டும்"னா. பொன்னுரங்கம் அதுக்கும் ஒரு யோசனை சொன்னாரு, எங்க கொழுந்தியாளைக் கூட்டிக்கிட்டுப் போயி ராமாத்தாள்னு ஒக்கார வெச்சரலாம்னு. இப்ப அதுவும் நடக்காது. பத்திர ஆபீசுல விரலை வெச்சா ஆதார்ல மூஞ்சி வந்து நிக்குது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவை அடைச்சு வெச்சிருக்காங்க.

சரி, நேராவே கேட்டுருவோம், நம்ம தங்கச்சிதானன்னு கெளம்புனேன். சும்மா போகலைங்க. பட்டுல ஒரு சேலை, ஒரு கூடைப் பழம், கருப்பட்டி. பன்னண்டு வருசம் கழிச்சு அவ வாசல்ல போயி நின்னேன். கையெல்லாம் மாவு. "வாங்கண்ணா"ன்னு ஒரே ஓட்டமா வந்தா. ஏன் வந்தீங்க, எதுக்கு வந்தீங்கன்னு ஒண்ணுமே கேக்கலை. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டா, நெய் ஊத்துனா, நான் திங்கறதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. கை கழுவிட்டு வந்துதான் பேப்பரை எடுத்தேன்.

அங்கதான் தம்பி நான் ஒரே ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன். கையெழுத்துப் போடற பத்திரத்தை மட்டும் எடுத்திருக்கோணும். கட்டா எடுத்து வெச்சுட்டேன். மேலாப்புல அந்த வாரிசுச் சான்றிதழ். அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ. வரிக்குக் கீழ விரலை வெச்சு வெச்சுப் படிப்பா. படிச்சா. எந்திரிச்சுப் போயி ஓடிக்கிட்டு இருந்த கிரைண்டரை நிறுத்துனா. வந்து உக்காந்து மறுபடியும் படிச்சா.

"ரெண்டாயிரத்தொம்பதுலயாங்கண்ணா?"ன்னா. "அந்த வருசம் கார்த்திகையிலதான எம்மக மௌனிகாவுக்குக் காது குத்துனோம். உங்க மடியிலதான உக்காந்திருந்தா."

அது பொன்னுரங்கம் போட்ட வருசம்மான்னேன்.

"கல்யாணமும் ஆகலைன்னு போட்டிருக்குது."

அது ஒரு வார்த்தைதானம்மான்னேன்.

பேப்பரை என் பக்கம் தள்ளி வெச்சா. அப்பறம், "அதனாலதான் சீர் வரலையாங்கண்ணா?"ன்னா. "நான் உங்களுக்கு ஏதோ கஷ்டம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். வருசா வருசம் நானே ஒரு சேலை எடுத்து, மஞ்சக்கொத்து வாங்கி வெச்சு, எங்கண்ணன் குடுத்தனுப்புச்சுன்னு எங்க ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். புள்ளைங்களும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருக்குதுங்க."

எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. ஒளிக்கறதுக்கு என்ன, நல்லாவே அழுதேன். கல்நெஞ்சக்காரன் இல்லை நான். ஆனா அதுக்காகப் போன வேலையை உட்டுட்டு வந்துர முடியுமா? கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, நடந்தது நடந்து போச்சு, பங்கு வேணும்னா கேளும்மா, பாதியே வேணும்னாலும் கேளு, ஊடு முடிஞ்சு பையன் கல்யாணம் ஆகட்டும், பேசிக்கலாம், இப்பக் கையெழுத்தைப் போடுன்னேன்.

"எனக்குப் பங்கு வேண்டாமுங்கண்ணா"ன்னா. "அப்பா செஞ்சதே போதும். என்னை உசுரோட எழுதிக் குடுங்க. நீங்களே தாசில்தார்கிட்டப் போயி, எந்தங்கச்சி இருக்கறா, கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க இருக்குதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அந்தப் பேப்பரைக் கொண்டாந்து காட்டுங்க, அன்னைக்கே வந்து கையெழுத்துப் போடறேன். இப்ப நான் எப்படிப் போடறது? செத்தவ கையெழுத்து செல்லாதில்லைங்களாண்ணா?"

திமிரைப் பார்த்தீங்களா? பாதி கேட்டிருந்தா அதுல ஒரு நியாயம் இருக்குது. வக்கீல் வெச்சு நோட்டீஸ் உட்டிருந்தா அதுலயும் ஒரு நியாயம் இருக்குது, நாலு பேரை வெச்சுப் பேசி முடிச்சிருக்கலாம். எதுவும் வேண்டாமாம், உசுரோட மட்டும் எழுதிக் குடுக்கோணுமாம். அவ உசுரோட இருக்கறது அவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? பேப்பர்ல வந்தாத்தான் மூச்சு உடுவாளா? இத்தனை வருசம் அந்தப் பேப்பர் இருந்துக்கிட்டேதான இருந்துச்சு, இவளும் இருந்துக்கிட்டேதான இருந்தா? மாவு அரைக்கலையா, சோறு ஆக்கலையா, புள்ளைகளை வளர்த்தலையா? அது இவளை என்ன பண்ணுச்சு?

அவளுக்கு ஒரு வரி. எனக்கு என்னாகும்னு யோசிச்சாளா? பொன்னுரங்கத்துகிட்டக் கேட்டேன், ரத்து பண்ணச் சொல்லி மனு எழுதலாமான்னு. கையெடுத்துக் கும்பிட்டாரு. "பொய்ச் சொல்லி வாங்குன சான்றிதழ்னு தெரிஞ்சா கேசு உங்க மேலதான். கைநாட்டு வெச்ச அம்மா போயிட்டாங்க, சாட்சியில ஒருத்தர் போயிட்டாரு, நான் வெறும் எழுதற ஆளு. மிச்சம் நீங்கதான்"னாரு. பட்டாவும் போகும், லோனும் போகும், போலீஸ் ஸ்டேசன்ல போயி நிக்கோணும். பையன் சம்பந்தம் எந்த மூலையில நிக்கும்? ஒரு வரியை மாத்தறதுக்கு நான் ஜெயிலுக்குப் போகோணுமா?

மாமனை அனுப்புனேன் பேசச் சொல்லி. எங்க பங்காளி ஒருத்தரை அனுப்புனேன். எல்லாத்துகிட்டயும் சாப்பாட்டைப் போட்டு இதையே சொல்லியிருக்கா. கோவமா பேசியிருந்தாலாச்சும் நான் நாலு பேர்கிட்ட நியாயம் கேக்கலாம். அதுவும் இல்லை. "எங்கண்ணனுக்குத் தெரியாம யாரோ எழுதிட்டாங்க, அவரு மாத்திக் குடுத்துருவாரு"ன்னு சொல்லியிருக்கா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. அவளுக்குத் தெரியாதா? என் வாயாலயே சொன்னதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தவதான? தெரிஞ்சுக்கிட்டே ஊரெல்லாம் அப்படிச் சொன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளிய போறது?

திட்டியிருக்கலாம். ரெண்டு அடிகூட அடிச்சிருக்கலாம். அந்தச் சோத்தைப் போடாமலாச்சும் இருந்திருக்கலாம்.

சரி, உடுங்க. அவ கதை நமக்கெதுக்கு. வாங்க, கெழக்குச் செவுரையும் அளந்துருவோம். இருபத்தாறு அடியா? கரெக்டா இருக்குது. போட்டோ எடுக்கோணுமா? நான் இப்படி வாசக்கால்கிட்ட நிக்கட்டுமா? எடுத்துக்குங்க. அப்பறம் ஒரு விசயம், அந்த வாரிசுச் சான்றிதழை இந்தத் தடவை கட்டுல வெக்கலைங்க. அது வேண்டியதில்லைன்னு ஏஜெண்டு சொல்லிட்டாரு. பட்டா, வரி ரசீது, வில்லங்கம், அது போதும்னாரு.

பாரமா? இப்பவே எழுதிருவோம், கேளுங்க. பேரு சென்னியப்பன். அப்பா ரங்கப்பன், காலமாயிட்டாரு. அம்மா கருப்பாயி, காலமாயிட்டாங்க. பையன் ஒருத்தன். தொழில் தீவனம்.

உடன்பிறந்தவங்களா? உங்க பாரத்துலயும் அந்தக் கட்டம் இருக்குதா?

தம்பி, இத்தனை நேரம் உங்ககிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நம்ம பக்கத்து ஆளு, அக்கா ஒண்ணு வெச்சிருக்கறவரு, என் கஷ்டம் புரியும்னுதான. யாருமில்லைன்னு போட்டுக்குங்க. இறந்துட்டாங்கன்னு மட்டும் போட்டுராதீங்க, அதுக்கு மறுபடியும் சர்டிபிகேட்டுக் கேப்பாங்க. அந்தத் தப்பை ஒரு தடவை பண்ணி நான் பட்டது போதும். பொறக்கவே இல்லைன்னு இருக்கட்டும். பொறக்காதவங்களுக்கு யாரும் ஒரு பேப்பரும் கேக்க மாட்டாங்க.